மோசல் ஆற்றங்கரையில் கொடி கட்டும் பருவம்

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் போக வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்போது மலைச்சரிவுகள் மஞ்சளாக மாறியிருக்கும், திராட்சை அறுவடை நடக்கும், ஊருக்கு ஊர் ஒயின் திருவிழா இருக்கும். நாங்கள் போனது 2024 மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில். என்னுடன் மூன்று மாதம் தங்குவதற்காக வந்திருந்த அப்பாவின் விசா ஏப்ரலில் முடிவடைந்ததால், பருவத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை. ஆனால் போய்வந்த பிறகு, அந்தப் பள்ளத்தாக்கை முதன்முறை காண்பவர்களுக்கு இலையில்லாத அந்த வசந்த காலத் தொடக்கத்தையே நான் பரிந்துரைக்கிறேன். இலைகள் மூடியபின் அந்த மலை வெறும் பச்சைப் போர்வையாகத்தான் தெரியும். இலைகள் வருவதற்கு முன்னால் பார்த்தால்தான் ஒவ்வொரு கொடியும், அது சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு கம்பும், அதற்கடியில் உள்ள கல்லும், அந்தக் கல்லைத் தாங்கும் சுவரும், அத்தனையையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த மனிதக் கைகளின் வேலையும் கண்ணுக்குப் புலப்படும்.

மோசல் ஆறு பிரான்சின் வோஷ் மலைகளில் தோன்றி, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஜெர்மனிக்குள் நுழைந்து, மொத்தம் 544 கிலோமீட்டர் ஓடிக் கோப்ளென்ஸ் நகரில் ரைன் ஆற்றில் கலக்கிறது. டிரியர் நகரிலிருந்து கோப்ளென்ஸ் வரை நேர்க்கோட்டில் அளந்தால் 100 கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆறோ ஏறக்குறைய அதைப் போல இருமடங்கு தூரம் வளைந்து வளைந்து ஓடுகிறது. வடக்கே ஐஃபெல் மலைகள், தெற்கே ஹுன்ஸ்ரூக் மலைகள். இந்த நிலப்பரப்பு மெல்ல உயர்வதற்கு முன்பே ஆறு சமவெளியில் வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. நிலம் உயர உயர, தன் பழைய வளைவுகளை விடாமலேயே ஆறு பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. அதனால்தான் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கக் கரை செங்குத்தாகவும், உட்பக்கக் கரை தணிவாகவும் இருக்கின்றன. வெயில் விழும் தெற்கு நோக்கிய சரிவுகளில் திராட்சையும், வெயில் படாத எதிர்ச்சரிவுகளில் காடும், ஆற்றை ஒட்டிய குறுகலான தட்டையில் ஊரும் என்று நிலமே பங்கு பிரித்துக் கொடுத்ததைப் போன்ற அமைப்பு இது. சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாமலே, கொடி இருக்கும் கரையைப் பார்த்துத் திசையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டாம் நாளிலேயே அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

பயணத்தை டிரியரில் தொடங்கினோம். உரோமானியர்கள் கிறித்து பிறப்பதற்குச் சற்று முன் அமைத்த நகரம் அது. கி.பி. 170 அளவில் எழுந்த கருப்பு வாயில், போர்ட்டா நிக்ரா, இன்றும் தெருவின் முனையில் நிற்கிறது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கற்களை அடுக்கி, இரும்புப் பிணைப்புகளால் இணைத்த கட்டடம். 11ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற துறவி அதன் கோபுரத்துக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு வாழ்ந்ததால் அது தேவாலயமாக மாற்றப்பட்டது. அப்படி மாறியதாலேயே, கல்லுக்காக இடிக்கப்பட்ட மற்ற வாயில்களின் கதி அதற்கு நேரவில்லை. 1818இல் கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்பட்ட அப்பா, வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

என்னைப் பொறுத்தவரை டிரியரில் தவறவிடக்கூடாத இடம் ரைன் மாநில அருங்காட்சியகம். அங்கே நாய்மாகன் ஒயின் கப்பல் இருக்கிறது. 1878இல், ஆற்றோரம் உள்ள நாய்மாகன் என்ற சிற்றூரில், பழைய கோட்டைச் சுவரின் அடித்தளத்தைத் தோண்டியபோது கிடைத்த கல் சிற்பம் அது. கி.பி. 220 அளவில் இறந்த ஓர் ஒயின் வணிகரின் கல்லறையை அலங்கரித்தது. பின்னாளில் கோட்டை கட்டியவர்கள் கல்லறைக் கற்களை எடுத்து அடித்தளத்தில் போட்டுவிட்டார்கள். கப்பலில் பெரிய மரப்பீப்பாய்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. துடுப்பு வலிப்பவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். கப்பலோட்டிகளில் ஒருவரின் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. தாடி வைத்த, சற்றே பருத்த முகம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக அந்தக் கல்லில் அந்தச் சிரிப்பு மங்காமல் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒயின் என்பது நேற்று வந்த தொழில் அல்ல என்பதை வேறெந்த விளக்கப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. கி.பி. 371 அளவில் ஆசோனியஸ் என்ற உரோமானியக் கவிஞர் இந்த ஆற்றைப் பற்றியே ஒரு நெடுங்கவிதை எழுதினார். ஆற்றின் மீன்களையும், நீரில் தலைகீழாக விழும் கொடிமலைகளின் நிழலையும் அதில் பாடியிருக்கிறார். நாங்கள் பேருந்தில் போகும்போது அதே நிழல் நீரில் கிடந்தது.

பேருந்தில் போனோம் என்று சொன்னேன். டிரியரையும் கோப்ளென்ஸையும் 1879 முதல் இணைக்கும் ரயில் பாதை, பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் ஆற்றை விட்டு விலகி மேட்டுநிலத்தின் வழியே போய்விடுகிறது. வளைவுகள் அவ்வளவு மோசம். ஆற்றங்கரை ஊர்களுக்கென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்ட சின்ன ரயில் பாதை 1960களில் மூடப்பட்டுவிட்டது. ஊர் ஊராக நின்று ஒயின் குடிப்பவர்களை ஏற்றிச் சென்றதால் மக்கள் அதைக் குடிகாரக் குட்டி ரயில் என்றே அழைத்தார்களாம். இப்போது அதன் இடத்தில் பேருந்து ஓடுகிறது. நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு வளைவையும் முழுதாகக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். நாடெங்கும் உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் செல்லும் மாதச் சீட்டு அந்த ஆண்டு 49 யூரோவாக இருந்தது. நான்கு நாள் பயணத்தில் எங்களுக்குத் தனியாகப் பயணச் செலவு என்று எதுவும் வரவில்லை. பீஸ்போர்ட் என்ற ஊருக்கு எதிரே வந்தபோது பேருந்துக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஆறு ஓர் அரைவட்டம் அடிக்க, அந்த அரைவட்டத்தை முழுவதுமாகச் சூழ்ந்து கொடிமலை ஓர் அரங்கத்தைப் போல எழுகிறது. அதன் அடிவாரத்தில் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியத் திராட்சை ஆலை ஒன்றை 1985இல் தோண்டியெடுத்திருக்கிறார்கள்.

பெர்ன்காஸ்டெல்-கூஸ் என்பது ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த இரட்டை ஊர். வலக்கரையில் உள்ள பெர்ன்காஸ்டெலின் சந்தைச் சதுக்கத்தைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, இடைவெளிகளை மண்ணால் நிரப்பிய வீடுகள் அதைச் சுற்றி நிற்கின்றன. அவற்றில் 1416ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வீடு, அடித்தளம் ஒடுங்கி, மேல்தளங்கள் தெருவுக்கு மேல் பிதுங்கி, ஒற்றைக் காலில் நிற்பதைப் போல் இருக்கும். தரையில் இடம் குறைவு, வண்டிகள் திரும்ப வேண்டும், ஆகவே மேலே போய் அகலப்படுத்திக்கொண்டார்கள். அழகான சதுக்கம்தான். ஆனால் என் மனம் நின்றது எதிர்க்கரையில்.

கூஸில் ஒரு படகோட்டி வணிகரின் மகனாக 1401இல் பிறந்த நிக்கோலஸ், கார்டினலாகவும் மெய்யியலாளராகவும் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டவர். அவர் 1458இல் தன் சொந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தை நிறுவினார். இயேசு வாழ்ந்த 33 ஆண்டுகளை நினைவில் வைத்து 33 ஏழை முதியவர்களுக்கு இடம் என்று விதித்தார். அதன் செலவுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் நிலங்களையும் எழுதிவைத்தார். அந்த இல்லம் இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு மேலாக, போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் கடந்து, அதன் தோட்டங்களின் ஒயின் இன்றும் அந்த இல்லத்தின் பெயரிலேயே விற்கப்படுகிறது. சிற்றாலயத்தின் கூரை முழுவதையும் நடுவில் நிற்கும் ஒற்றைத் தூண் தாங்குகிறது. அவரது உடல் உரோமில் அடக்கம் செய்யப்பட்டிருந்தாலும், அவர் விரும்பியபடி இதயம் இந்த ஆலயத்தின் தரைக்கடியில் இருக்கிறது. மாடியில் அவர் சேர்த்த ஏறக்குறைய 300 கையெழுத்துப் பிரதிகள் உள்ள நூலகம். நாங்கள் முற்றத்தைச் சுற்றிய வளைவு நடையில் நின்றிருந்தபோது, சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மூதாட்டி எங்களைக் கடந்து போனார். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார், அப்பா கைகூப்பினார். ஒரு கொடி காய்ப்பதை நம்பி முன்பின் தெரியாத தலைமுறைகளின் முதுமைக்கு வழிசெய்து வைத்துவிட்டுப் போன அந்த மனிதரின் நம்பிக்கையை நினைத்துக்கொண்டே நான் வெகுநேரம் அங்கிருந்தேன்.

மறுநாள் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வலக்கரையில் கிராக் ஊர் வழியாக, மலையடிவாரத்துப் பாதையில் வேலன் ஊரின் தொங்குபாலம் வரை நடக்கத் திட்டம். அப்பாவின் முழங்காலுக்கு ஏற்ற சமதளப் பாதை. பாதையின் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தோளை உரசுவதைப் போல எழும் சரிவு. அந்தச் சரிவில் மண் என்று சொல்லத்தக்கது கண்ணில் படவில்லை. சாம்பல் நீலத்தில், ஈரத்தில் மின்னும் சிலேட்டுக் கல் துண்டுகள்தான் மலை முழுவதும் கொட்டிக் கிடந்தன. நான் சிறுவயதில் எழுதிப் பழகிய பலகையின் கல்தான் இது என்று அப்பா ஒரு துண்டை எடுத்து, இன்னொரு துண்டால் அதில் ‘அ’ என்று எழுதிக் காட்டினார். வெண்கோடு அழகாக விழுந்தது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகிப் பாறையானது இந்தக் கல். பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மழைநீரைத் தேங்கவிடாமல் இறக்கிவிடுகிறது. பிளவுகளுக்குள் வேரை ஆழமாக இறங்கவிடுகிறது. இவ்வளவு வடக்கே, இந்தக் குளிர் நாட்டில், ரீஸ்லிங் போன்ற நாள் பிடித்துப் பழுக்கும் திராட்சை இங்கே பழுப்பதற்குக் கல்லும், சரிவும், ஆற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து உதவுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பேன் பூச்சி கூட இந்தச் சிலேட்டு நிலத்தில் அந்த அளவுக்குப் பரவ முடியவில்லை என்பதால், ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் முதிய கொடிகளை இன்றும் இங்கே காணலாம்.

மேலே ஒரு பாறை முகத்தில் பெரிய சூரியக் கடிகாரம் தெரிந்தது. 1842இல் யோடோகுஸ் ப்ரூம் என்ற தோட்டக்காரர், சரிவில் வேலை செய்பவர்கள் நேரம் பார்த்துக்கொள்வதற்காக அமைத்தது. கீழே இறங்கி நேரம் கேட்டுவிட்டு மறுபடி ஏற முடியாத இடம் அது. வேலைக்காரரின் கால் வலியை அறிந்த ஒருவர்தான் அப்படி ஒரு கடிகாரத்தை நினைத்திருக்க முடியும். இன்று அந்தச் சரிவின் ஒயின் அதன் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது.

அந்தக் கடிகாரத்துக்குச் சற்று முன்னால், பாதையிலிருந்து நான்கைந்து வரிசை உயரத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி தனியாகக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். மோசலின் பழைய முறையில் கொடியைக் கம்பிப்பந்தலில் படரவிடுவதில்லை. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு கம்பு உண்டு. குளிர்காலத்தில் கவாத்து செய்து, சென்ற ஆண்டுக் கிளைகளில் இரண்டை மட்டும் விட்டுவைப்பார்கள். மார்ச் மாதத்தில் அவற்றை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வளைத்து, நுனிகளைக் கீழே கொண்டுவந்து கம்போடு சேர்த்துக் கட்டுவார்கள். கட்டி முடித்தால் ஓர் இதயத்தின் வடிவம் கிடைக்கும். நிமிர்ந்து பார்த்தால் அந்த மலை முழுக்க ஆயிரக்கணக்கான இதயங்கள். பார்வைக்காகச் செய்வதல்ல அது. நேராக விட்டால் சாறு முழுவதும் நுனி மொட்டுக்கே ஓடிவிடும், வளைத்துவிட்டால் எல்லா மொட்டுக்கும் பங்கு கிடைக்கும்.

அப்பா நின்றுவிட்டார். எங்கள் குடும்பத்துக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. இருபது வயது வரை அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடியை வாழைநாரால் கட்டியவர் அவர். அந்தப் பெண்மணியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கைக் கட்டைவிரல் கிளைக்கு அடியில் தாங்கலாக இருக்க, வலக்கை சிறிது சிறிதாக நகர்ந்து வளைக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் முறிந்துவிடும் என்பதால், வளைவு முழுவதும் அழுத்தம் பரவும்படி விரல்கள் ஊர்ந்துகொண்டே போகின்றன. மெல்லிய நெரிப்புச் சத்தம் ஒன்று கேட்கிறது, ஆனால் கிளை உடையவில்லை. பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு மெல்லிய வில்லோ மரக் குச்சியை உருவி, இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, அவ்வளவுதான். “மழை பேஞ்ச அன்னைக்குத்தான் கட்டணும்மா. காஞ்ச நாள்ல வளைச்சா ஒடிஞ்சிடும். அவங்களும் அதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்காங்க, கேட்டுப் பாரு” என்றார் அப்பா. கேட்டேன். அந்தப் பெண்மணி வியப்புடன் சிரித்து, ஆம், இரண்டு நாளாக மழைக்காகக் காத்திருந்ததாகச் சொன்னார். இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வேறொரு கொடியைக் கட்டியவர் என்று நான் விளக்கினேன்.

அவர் அப்பாவை மேலே வரும்படி கையால் அழைத்தார். நான் தயங்கினேன். அப்பா தயங்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கம்புக்குக் கம்பு கைவைத்து, கீழிருந்து நான்காவது கம்பு வரை ஏறிவிட்டார். அந்த நான்கு கம்பு தூரத்தில் நான் இருமுறை சறுக்கினேன். காலடியில் கற்கள் தட்டுத் தட்டாக நழுவுகின்றன, உடம்பு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே நின்றபோதுதான், கவாத்து செய்த கிளைகளின் வெட்டு முனைகளில் ஒவ்வொரு துளி நீர் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். மழைத்துளி என்றுதான் முதலில் எண்ணினேன். அந்தப் பெண்மணி விரலால் துடைத்துக் காட்டினார். சிறிது நேரத்தில் உள்ளிருந்து இன்னொரு துளி ஊறி வந்து நின்றது. மண் சூடேறியதும் வேர் நீரைத் தள்ளத் தொடங்கும் காலம் அது. கொடி அழுகிறது என்று இங்கே சொல்வார்களாம். கண்ணாடியைப் போலத் தெளிந்த அந்தத் துளிக்குள் எதிர்க்கரையும் வேலன் ஊரும் தலைகீழாகத் தெரிந்தன.

அப்பா ஒரு கிளையை வளைத்தார். அவரது விரல்கள் ஊர்ந்தது வேறு மாதிரி, ஆனால் நெரிப்புச் சத்தம் அதேதான். முறியவில்லை. கட்டு மட்டும் அவர் தம் முறையில் போட்டார், இழுத்தால் இறுகும், வெட்டினால் ஒரே இழுப்பில் அவிழும் கட்டு. அந்தப் பெண்மணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. நான் மொழிபெயர்த்ததும் மிகக் குறைவு. எத்தனை பேர் இந்தச் சரிவில் வேலை செய்கிறீர்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார். அறுவடைக்கு ஆட்கள் வருவார்கள், மற்ற வேலைகளுக்கு அவரும் கணவரும்தான், பிள்ளைகள் இருவரும் நகரத்தில் வேலையில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எங்கள் கொடிக்கால் எப்படி முடிந்தது என்பதை அறிந்தவள் என்பதால் நானும் கேட்கவில்லை.

வேலனிலிருந்து டிராபென்-டிரார்பாக் போகும் வழியில், ட்செல்டிங்கன் ஊருக்கும் ஊர்ட்சிக் ஊருக்கும் நடுவே பள்ளத்தாக்கை ஒரே தாவலில் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலம் திடீரென்று தலைக்கு மேல் தோன்றுகிறது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட இதன் நீளம் 1.7 கிலோமீட்டர், உயரம் ஏறத்தாழ 160 மீட்டர். கீழே உள்ள சரிவுகளுக்குக் கசிந்து வரும் நீரின் போக்கை மேலே நடக்கும் சாலைப் பணிகள் கெடுத்துவிடும் என்று ஒயின் தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். இரு மலைநிலங்களையும் இணைக்கும் தேவை பெரிது என்று அரசு கட்டி முடித்தது. பொறியியல் வேலையாகப் பார்த்தால் அது மெலிந்த, நேர்த்தியான பாலம். ஆயினும் கையால் கல்லடுக்கிய சுவர்களை நாள் முழுவதும் பார்த்துவிட்டு அதன் கீழே கடந்தபோது, அது இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டிச் செல்பவர்களுக்காகக் கட்டப்பட்டது, இங்கே வாழ்பவர்களுக்காக அல்ல என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடியவில்லை.

டிராபென்-டிரார்பாக் 1900 அளவில் ஒயின் வணிகத்தால் கொழித்த ஊர். பெர்லினைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் புரூனோ மோரிங்கை அழைத்து, அன்றைய புதுப்பாணியில் மாளிகைகளையும் விடுதியையும் 1899இல் பாலத்து வாயிலையும் கட்டினார்கள். தெருக்களுக்கு அடியில் பீப்பாய்கள் வைத்த பழைய நிலவறைகள் நீண்டு கிடக்கின்றன. மோரிங் கட்டிய ஒரு பழைய ஒயின் கிடங்கு இன்று புத்தர் சிலைகளின் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒயின் பீப்பாய்கள் உருண்ட கூடத்தில் வரிசை வரிசையாக அமர்ந்த புத்தர்களைக் காண்பது எதிர்பாராத அனுபவம். அப்பா அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தார்.

அங்கிருந்து சிறு ரயிலில் புல்லாய் வந்தோம். கீழ்த்தளத்தில் சாலையும் மேல்தளத்தில் தண்டவாளமும் போகும் ஈரடுக்குப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, ரயில் மாறி, எடிகர்-எல்லர் ஊரில் இறங்கினோம். ஊருக்கு மேலே, பிரெம் ஊர் வரை நீளும் கால்மோன்ட் என்ற மலைச்சரிவுதான் ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம். சில இடங்களில் சாய்வு 65 பாகை. அதன் குறுக்கே, இரும்புக் கயிறுகளையும் ஏணிகளையும் பிடித்துக்கொண்டு போகும் ஒரு பாதை இருக்கிறது. அப்பாவை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் காலையில் ஏறினேன். சரிவெங்கும் சின்னச் சின்னத் தட்டுகளாகக் கல்சுவர்கள் எழுப்பி, ஒரு தட்டில் சில கொடிகள் மட்டும் நிற்கின்றன. கொடிகளுக்கு இடையே சிவப்புச் சதையுள்ள பீச் மரங்கள் இலையில்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. சுவர்களை ஒட்டி ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செங்குத்தாக மேலேறுகிறது. பல்சக்கரத்தில் ஏறும் சிறு இயந்திரத்தில் ஓர் ஆளும் சில பெட்டிகளும் போகலாம். அது வருவதற்கு முன்னால் அறுவடை முழுவதும் முதுகுக் கூடையில்தான் இறங்கியது. மேலிருந்து பார்த்தால் ஆறு பிரெம் ஊரை ஒட்டி ஒரு பெரிய வளைவு போடுகிறது. உட்கரையில் பாழடைந்த ஸ்டூபன் மடாலயத்தின் கூரையற்ற சுவர்கள் தனியாக நிற்கின்றன.

அந்தக் காட்சியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அங்கே போகும் வழியில் கண்ட பாழ்த்தட்டுகளைப் பற்றி. நன்றாகக் கட்டிய ஒரு தோட்டத்துக்கு அடுத்தாற்போலவே, முள்ளும் புதரும் ஏறி, சுவர் வயிறு பிதுங்கி, கம்புகள் சாய்ந்து கிடக்கும் தட்டுகள். சமவெளித் தோட்டத்தில் இயந்திரம் செய்யும் வேலையை இங்கே கை செய்ய வேண்டும், அதுவும் பல மடங்கு நேரம் எடுத்து. உழைப்பவர் முதுமையடைகிறார், அடுத்தவர் வருவதில்லை. ஒரு சுவரை ஓர் ஆண்டு கவனிக்காமல் விட்டால் ஒரு கல் விழும். பத்து ஆண்டுகள் விட்டால் தட்டே சரிந்துவிடும். சில இளம் ஒயின் தயாரிப்பாளர்கள் இத்தகைய தட்டுகளை மீட்டு மறுபடி நடுகிறார்கள். புதிய கம்புகள் நட்ட ஒரு தட்டையும் பார்த்தேன், கம்புகளின் வெட்டு முகங்கள் இன்னும் வெளிறியே இருந்தன. இந்தச் சரிவுகளின் ஒரு குப்பி ஒயினுக்குக் கூடுதலாகச் சில யூரோ கேட்டால், அது முற்றிலும் நியாயமான விலை என்றே நான் கருதுகிறேன்.

மாலையில் எல்லரில் ஒரு வீட்டு முன்றிலில் உட்கார்ந்தோம். ஒயின் தயாரிக்கும் குடும்பங்கள் ஆண்டுக்கு நான்கு மாதம் வரை, 40 இருக்கைகளுக்கு மிகாமல், உணவகம் நடத்தும் அனுமதி பெறாமலே தங்கள் வீட்டில் தங்கள் ஒயினை விற்கலாம் என்பது அங்கே சட்டம். வாசலில் தழைக்கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். நான் ஒரு கோப்பை ரீஸ்லிங் வாங்கினேன். பச்சை ஆப்பிளின் புளிப்பும், பின்னால் ஓர் இளந்தித்திப்பும் இருந்தன. மது அருந்தாத அப்பாவுக்கு அதே தோட்டத்தின் திராட்சைச் சாறு கிடைத்தது. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். எழும்போது தற்செயலாக முன்றில் சுவரில் கைவைத்தேன். வெயில் போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் அந்தச் சிலேட்டுச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அப்பாவின் கையையும் எடுத்து அதன்மேல் வைத்தேன்.

கடைசி நாள் கோகெம். ஆறு இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வரும் தூரத்தை, 1870களில் குடைந்த 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே ரயில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஊருக்கு மேலே நிற்கும் கோட்டையை 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. 1868இல் அந்த இடிபாட்டை வாங்கிய பெர்லின் வணிகர் லூயி ராவெனே, தம் காலத்துக் கற்பனைப்படி அதை மீண்டும் எழுப்பினார். ஆற்றிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கிறது. உள்ளே எனக்கு அவ்வளவு ஈடுபாடு வரவில்லை. ஊரின் வீட்டுச் சுவர்களில் குறித்து வைத்திருக்கும் வெள்ள மட்டங்களே என்னை அதிகம் நிறுத்தின. 1993 டிசம்பரின் கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

அப்பா ஏப்ரல் நடுவில் ஊர் திரும்பினார். அடுத்த வாரமே இங்கே கடும் உறைபனி வந்தது. அந்த ஆண்டு குளிர் முன்கூட்டியே விலகியதால் கொடிகள் துளிர்த்துவிட்டிருந்தன. சார், ரூவர் என்ற துணையாற்றுப் பள்ளத்தாக்குகளில் இளந்தளிர்கள் ஒரே இரவில் கருகின. மோசலிலும் பல இடங்களில் சேதம். செய்தியைத் தொலைபேசியில் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “நம்ம கம்பு என்னாச்சும்மா?” குளிர்ந்த காற்று கனமானது, சரிவிலிருந்து வழிந்து கீழே போய்த் தேங்கும், அதனால் மேட்டில் உள்ள கொடிகள் பெரும்பாலும் தப்பிவிடும் என்று அவரிடம் விளக்கினேன். “அது கீழேருந்து நாலாவதுதானே” என்றார்.

செப்டம்பர் கடைசியில், அறுவடைக்கு முன்னால், நான் தனியாக வேலன் போனேன். மார்ச்சில் எடுத்த படத்தில் பின்னால் தெரிந்த பாறையை வைத்து வரிசையைக் கண்டுபிடித்தேன். தோட்டத்தில் யாரும் இல்லாததால் உள்ளே நுழையாமல் பாதையில் நின்றே பார்த்தேன். இலைகளுக்கு நடுவில் அந்தக் கட்டு தெரிந்தது, வில்லோக் குச்சி காய்ந்து பழுப்பாகியிருந்தது. அப்பாவைக் காணொளியில் அழைத்துக் காட்டினேன். எண்ணச் சொன்னார். ஒன்பது குலைகள் என்றேன். இலைக்குப் பின்னாலும் பார்க்கச் சொன்னார். ஓரமாகச் சாய்ந்து மறுபடி எண்ணினேன். பதினொன்று.